காக்ஸ் டவுன் நடைபாதையில் பூப்போட்ட துண்டுகளைப் பதிப்பது யார்?

ஈரச்சுவடு | ஞாயிறு, காலை 8.10

இரண்டு மாதமாக மனதைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம். இங்கே பெங்களூரு ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து தினமும் காலையில் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஃபுட்பாத்தில் ஒரு கல் ஆடும், அடுத்த கல் இருக்காது. அதனால் இரண்டு பேரும் தரையைப் பார்த்தே நடக்கிறோம். அப்படித்தான் அது கண்ணில் பட்டது. கருங்கல் பலகை ஒன்றின் மூலை உடைந்துபோன இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. பழைய வீடுகளில் பூப்போட்ட சிமென்ட் டைல்ஸ் இருக்குமே, அதில் கால்வாசி. கருஞ்சிவப்பில் இதழ், வெளிர்மஞ்சளில் சட்டம். சுற்றிலும் சிமென்ட் பூசி, கல்லோடு கல்லாகச் சேர்ந்திருந்தது.

யாரோ ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறொரு தெருவில் இன்னொன்று, பச்சையும் கறுப்பும். இப்போது ஐந்து ஆகிவிட்டது. எதிலும் பெயர் இல்லை, எழுத்து இல்லை, தேதி இல்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் பதிப்பதைப் பார்க்கவில்லை.

அம்மா குனிய முடியாமல் நின்றபடியே முதல் துண்டைப் பார்த்துச் சொன்னது: "இது யார் வீட்டுத் தரையோ."

உங்களில் யாராவது பார்த்தீர்களா?

பேட்டைக்காரன் | ஞாயிறு, காலை 9.25

பிரேசர் டவுன் பக்கம் ஒன்று பார்த்த ஞாபகம். நீலப் பூ. மாநகராட்சி ஆட்கள் கையில் கிடைத்ததை வைத்து அடைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

தார்ச்சட்டி | ஞாயிறு, காலை 11.40

இருபது வருடமாக ரோடு, ஃபுட்பாத் வேலைதான் செய்கிறேன். சிவாஜிநகரில் பிறந்தவன். மாநகராட்சி வேலை என்றால் இப்படி இருக்காது அண்ணா. மூலை உடைந்தால் எங்களுக்கு இரண்டு வழிதான். பலகையை எடுத்துவிட்டு வேறு பலகை போடுவோம், இல்லையென்றால் ஜல்லி கலந்த சிமென்டைக் கொட்டி மூடுவோம். உடைந்த மூலையின் வடிவத்துக்கு டைல்ஸை அறுத்துப் பொருத்த எங்களுக்கு நேரமும் கிடையாது, அதற்குக் கூலியும் கிடையாது.

நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தை அறுத்துவிட்டு அப்படியே விடவில்லை, சாய்த்துத் தேய்த்திருக்கிறார்கள். செருப்பு நுனி தட்டாமல் இருக்கத்தான் அது. பக்கத்துக் கல்லைவிட ஒரு நூல் கீழே இறக்கிப் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டமும் இருக்கிறது. கரணை பிடித்துப் பழகின கை இது. ஆர்வத்தில் ஏதோ செய்து பார்த்தவர் வேலை இல்லை.

வடகரை | ஞாயிறு, இரவு 10.05

இதைப் படித்ததும் எனக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது. வேலை நிமித்தமாக ஆறு வருடம் பிலடெல்பியாவில் இருந்தேன். அந்த ஊரில் நடுரோட்டில் இப்படி ஒரு புதிர் இருக்கிறது. டாய்ன்பீ ஓடுகள் என்பார்கள்.

நான் முதலில் பார்த்தது பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்கு அருகே. கார் நம்பர் பிளேட் அளவு. தார் ரோட்டுக்குள் புதைந்து, ரோட்டோடு ரோடாகத் தேய்ந்திருந்தது. கோணல்மாணலான பெரிய ஆங்கில எழுத்துகள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: டாய்ன்பீ கருத்து, 2001 படத்தில், இறந்தவர்களை உயிர்ப்பி, வியாழன் கிரகத்தில். அவ்வளவுதான் வாசகம். டாய்ன்பீ என்றால் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்னால்ட் டாய்ன்பீ என்றும், படம் 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற விண்வெளிப் படம் என்றும் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். மாண்டவர்களை அறிவியலின் துணையோடு எழுப்பி வியாழனில் குடியேற்ற வேண்டும் என்று யாரோ ஒருவர் உலகத்தைக் கெஞ்சுகிறார். மேடை போட்டுச் சொல்லவில்லை. தரையில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

1980களிலிருந்தே இது நடக்கிறது. நியூயார்க், பால்டிமோர், வாஷிங்டன், சிகாகோ என்று நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பியூனஸ் அயர்ஸிலும் சிலியின் சாண்டியாகோவிலும்கூட. ஆனால் பிலடெல்பியாவில்தான் அடர்த்தி.

எப்படிப் பதித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தரைவிரிப்பாகப் போடும் லினோலியத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் வெட்டி, ரோட்டு விரிசலுக்கு ஊற்றும் தார்க்கலவையோடு சேர்த்து ஒட்டி, மேலே தார்க்காகிதத்தால் மூடி ரோட்டில் வைத்துவிடுவார். பார்க்க ரோட்டில் கிடக்கும் ஒரு கறுப்பு ஒட்டுப் போலத்தான் இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெயில் தாரை இளக்கும், வண்டிச் சக்கரங்கள் மிதித்து மிதித்து உள்ளே அழுத்தும். வாரக்கணக்கில் காகிதம் தேய்ந்து போனபிறகுதான் எழுத்து வெளியே வரும். அதற்குள் வைத்தவர் எங்கேயோ. பதிக்கும் வேலையை ஊரே அவருக்காகச் செய்து முடிக்கிறது, தெரியாமலே.

பரபரப்பான நெடுஞ்சாலைகளின் நடுவில்கூட ஓடுகள் இருந்ததால், அடித்தளத்தில் ஓட்டை போட்ட காரிலிருந்து கீழே இறக்கியிருப்பார் என்று ஒரு யூகம் உண்டு. இதைத் தேடித் தேடியே இளமையைக் கழித்த ஒருவரும் அவர் நண்பர்களும் செய்த ஆராய்ச்சி 2011இல் ஓர் ஆவணப்படமாக வந்தது. தென் பிலடெல்பியாவில் தனியாக, யாரோடும் பழகாமல் இருந்த ஒருவரிடம் போய் அவர்கள் தேடல் நின்றது. அவர் கடைசிவரை பேசவில்லை. அவர்களும் அவரை வற்புறுத்தவில்லை.

சில ஓடுகளில் ஓரமாகச் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். நீங்களும் ஓடு செய்து ஒட்டியாக வேண்டும், நீங்கள்! என்று.

ஈரச்சுவடு, உங்கள் காக்ஸ் டவுன் ஆளுக்கு எழுத்தே தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தார்ச்சட்டி | திங்கள், காலை 6.50

நல்ல வித்தை. ஆனால் நம் ஊரில் நிற்காது. தாருக்கு மேல் தார் போட்டு மூடிவிடுவோம். அதற்கு முன்பே தண்ணீர்க் குழாய்க்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை தோண்டியிருப்பார்கள். இப்போது பெரிய ரோடுகளில் வெள்ளைக் கான்கிரீட் போடுகிறோம், அது இளகவே இளகாது. இந்த ஆள் ஃபுட்பாத்தைத் தேர்ந்தெடுத்ததும், அதிலும் கருங்கல் பலகை இருக்கும் பழைய ஃபுட்பாத்தாகப் பார்த்ததும் விவரம் தெரிந்துதான்.

ஜல்லிக்கட்டை | திங்கள், பகல் 1.15

பெங்களூருக்கு ரோட்டுக் கலை புதிதில்லையே. 2015இல் சுல்தான்பாளையாவில் ஒரு பெரிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கியபோது ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி அதில் முதலை பொம்மையை இறக்கினார். 2019இல் அவரே பள்ளம் விழுந்த ரோட்டில் விண்வெளி வீரர் உடையில் ஒருவரை நடக்கவிட்டுப் படம் எடுத்தார். நிலா என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் பக்கத்தில் ஆட்டோ போகிறது, நம் ஊர் ரோடு! மறுநாளே பள்ளத்தை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர் கலை ஜெயித்தால் அடுத்த நாள் அது அங்கே இருக்காது. அதற்காகத்தான் செய்கிறார்.

பிரான்சில் லியோன் நகரத்தில் ஒருவர் இருக்கிறார். எமெமெம் என்ற புனைபெயர் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. 2016லிருந்து நடைபாதைப் பள்ளங்களில் மொசைக் பதித்து அடைக்கிறார். நடைபாதையின் அறுவை மருத்துவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். உங்கள் ஆள் அவர் ஜாதி என்று தோன்றுகிறது. காயம் எங்கேயோ அங்கேதான் கை வைக்கிறார்.

ஈரச்சுவடு | செவ்வாய், இரவு 9.30

நேற்றும் இன்றும் ஐந்து இடங்களையும் மறுபடி போய்ப் பார்த்தேன். இந்தமுறை கீழே மட்டும் பார்க்காமல் நிமிர்ந்தும் பார்த்தேன்.

ஐந்துமே புது அடுக்குமாடிக் கட்டடங்களின் வாசல் முன்னால் இருக்கின்றன. ஒன்றுகூட பழைய வீட்டு முன்னால் இல்லை.

இரண்டாவது இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். அங்கே முன்பு ஓட்டுக்கூரை போட்ட ஒரு வீடு, முன்னால் மரச்சட்டத் திண்ணை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வீட்டுப் பாட்டி தண்ணீர் கொடுப்பார். வாசற்படி தாண்டியதும் கூடம், கூடம் முழுக்கப் பச்சையும் கறுப்பும் கட்டம்கட்டமாக. செம்பை வாங்கிக்கொண்டு குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்று குடிப்போம். பச்சையில் ஒரு கோடு வளைந்து பக்கத்துக் கட்டத்துக்குள் போகும். அதைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே குடிப்பேன்.

அந்தக் கோடு இப்போது ஃபுட்பாத்தில் இருக்கிறது. என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும்.

அம்மா முதல் நாளே சொன்னது சரிதான். வீட்டை இடிக்கும்போது யாரோ ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, புதுக் கட்டடம் எழுந்தபிறகு அதே வாசலுக்கு அதைக் கொண்டுவந்து பதிக்கிறார்கள்.

கல்லெழுத்து | செவ்வாய், இரவு 11.55

தூக்கம் போய்விட்டது உங்கள் பதிவால்.

ஜெர்மனியில் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் தொடங்கிய வேலை ஒன்று இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் சதுரக் கல், மேலே பித்தளைத் தகடு. நாஜிகள் இழுத்துச் சென்ற ஒவ்வொருவரும் கடைசியாகத் தாமே விரும்பிக் குடியிருந்த வீட்டு வாசலில் பதிப்பார். பெரும்பாலான தகடுகள் 'இங்கே வாழ்ந்தார்' என்றுதான் தொடங்கும். 2023இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தத் துயரத்தோடு வீடு இடிவதை நான் ஒப்பிடவில்லை. வாசலில், தரையில், காலடியில் என்ற அந்த இடத்தேர்வைத்தான் சொல்கிறேன்.

மியூனிக் நகரம் பொது நடைபாதையில் இதை அனுமதிக்கவில்லை. இறந்தவர்கள் பெயரை மிதிக்கக் கூடாது என்று அங்கே எதிர்ப்பு. அவர்கள் வலி அவர்களுக்குத்தான் தெரியும். நம் பக்கம் மிதிபடுவதற்கு வேறு பொருளும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களில் தரையைப் பார்த்து நடந்தவர்களுக்குத் தெரியும். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடும் உருவத்தைத் தளத்துக் கல்லிலேயே செதுக்கி வைத்திருப்பார்கள், சில இடத்தில் பெயரும் இருக்கும். அடியார்கள் பாதம் தன்மேல் பட வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்துவைத்தவர்கள் அவர்கள். பெருமாள் கோயில் கருவறைப் படியைக் குலசேகரன் படி என்று சொல்வதும் அந்த ஆசையில்தான்.

பெயரே இல்லாத தரைச்செதுக்கலும் நம்மிடம் ஏராளம். மண்டபத் தளங்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டமும் பல்லாங்குழியும் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல்தச்சன் சாப்பாட்டு நேரத்தில் வெட்டினானோ, யாரும் எழுதிவைக்கவில்லை.

புள்ளிக்கோலம் | புதன், காலை 7.20

கல்லெழுத்து சார், தரையில் பெயரில்லாமல் வரைவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். இன்று காலை முருகேஷ்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒன்பது கோலம் இருந்தது. எதிலும் கையெழுத்து இல்லை. எது யார் கை என்று மட்டும் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு அக்கா இழையைச் சுழிக்கும்போது கொஞ்சம் இடப்பக்கம் சாயும், அதை வைத்தே சொல்லிவிடுவோம்.

மாமியார் இறந்த வருடம் எங்கள் வாசல் வெறுமையாக இருந்தது. ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை வாசல் தரை சொல்லும். ஈரச்சுவடு தம்பி பார்த்திருக்கும் துண்டுகளும் அதைத்தான் சொல்கின்றன என்று எனக்குப் படுகிறது. அந்த வீட்டுப் பெண்கள் வருடக்கணக்கில் கோலம் போட்ட அதே வாசல்தானே அது.

நகர்வலம் | புதன், காலை 10.45

அருமையான கண்டுபிடிப்பு. ஐந்து இடங்களின் வரைபடப் புள்ளியையும் போடுங்கள் ஈரச்சுவடு. வார இறுதியில் ஒரு குழுவாகப் போய் அளவெடுத்துப் படம்பிடிக்கலாம். அந்தத் தெருக்களில் கண்காணிப்புக் கேமரா இருக்கும், காவலாளிகளிடம் கேட்டால் யார் என்று தெரிந்துவிடும்.

புள்ளிக்கோலம் | புதன், காலை 11.02

தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? அவர் பெயர் போட விரும்பியிருந்தால் சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே ஒரு ஆணியால் கீறியிருப்பார்.

நகர்வலம் | புதன், பகல் 12.30

அக்கா, நான் அவரைத் தொந்தரவு செய்யச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். 2018இல் ஹெப்பாளத்தில் கிட்டய்யா என்ற வீரனின் நடுகல் கிடைத்தது. சுமார் 750ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கல்வெட்டு ஆர்வலர்கள் அதைத் தேடி, படித்து, இன்ன கல் என்று ஊருக்குச் சொன்னார்கள். சொன்னதால்தான் பிழைத்தது, அதற்கென்று ஒரு மண்டபமும் எழுந்தது. யாருக்கும் தெரியாமல் கிடந்திருந்தால் ஏதாவது அஸ்திவாரத்துக்குள் போயிருக்கும். மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, வெங்களூர் என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? தெரியாத ஒன்றை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். ரகசியமாக வைத்தால் அடுத்த கேபிள் வேலையில் உங்கள் ஐந்து துண்டும் குப்பை லாரியில் போகும்.

வடகரை | புதன், இரவு 8.40

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கல்லைத் தெரிந்துகொள்வது வேறு, ஆளைத் தெரிந்துகொள்வது வேறு.

சிட்னியில் ஒரு மனிதர் இருந்தார், ஆர்தர் ஸ்டேஸ். குடியில் அழிந்து மீண்டவர், எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவர். 1932இல் ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு வெளியே வந்தவர், விடியற்காலைகளில் நடைபாதைகளில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைச் சாக்பீஸால் அழகான சுழியெழுத்தில் எழுத ஆரம்பித்தார். நித்தியம் என்று பொருள். சுமார் 35 வருடத்தில் ஐந்து லட்சம் முறை எழுதியிருப்பார் என்று கணக்கு. யார் எழுதுகிறார் என்று 1956 வரை ஊருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அவர் 1967இல் இறந்தார். 2000ஆம் ஆண்டு பிறந்த இரவில் சிட்னி துறைமுகப் பாலத்தில் அவர் கையெழுத்திலேயே அந்தச் சொல்லை விளக்கால் ஒளிரவிட்டார்கள்.

அவரைப் பெயர் தெரிந்தது உடைக்கவில்லை. பிலடெல்பியாக்காரர் அப்படி இல்லை. கதவைத் தட்டினால் திறக்காத மனிதர். நம் ஆள் இருவரில் யார் மாதிரி என்று நமக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் கதவைத் தட்டாமல் இருப்பதுதான் சரி.

ஈரச்சுவடு | வியாழன், காலை 7.05

முதல் பதிவிலிருந்து படங்களை எடுத்துவிட்டேன். பின்னணியில் கட்டடப் பெயர் தெரிந்தது. நகர்வலம், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கேள்வி என்னை விடவில்லை. அந்த ஐந்து கட்டடக் காவலாளிகளிடமும் ஒன்றை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், ஃபுட்பாத்தைத் தோண்ட வந்தால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள் என்று. யார் பதித்தது என்று அவர்களிடம் கேட்கவில்லை.

ஈரச்சுவடு | அடுத்த வியாழன், இரவு 7.50

போன் வந்தது, ஆனால் தாமதமாக. இரண்டாவது இடத்தில் கேபிள் குழி தோண்டியிருக்கிறார்கள். நான் போய்ச் சேரும்போது பலகைகள் ஒருபக்கம், மண் ஒருபக்கம். பச்சைக் கோடு போட்ட துண்டு மண்குவியலில் கவிழ்ந்து கிடந்தது. நல்லவேளை, ஒரு ஓரம் மட்டும் சில்லு தெறித்திருக்கிறது. வேலை செய்த பையன் ஒருவன், கல்புர்கிப் பக்கத்துக்காரன், தன் கையாலேயே மண்ணைத் துடைத்துக் கொடுத்தான். வேண்டுமா சார் என்று கேட்டான். வேண்டும் என்றேன்.

இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு அடுக்குக் காரை. பழைய சுண்ணாம்பு ஒன்று, அதற்கு மேல் புதுச் சிமென்ட். அம்மா விரலால் தடவிக்கொண்டே இருந்தார். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "நம்ம வீட்டுதா அது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

குழியை மூடிப் பலகைகளை நாளை திரும்பப் போடுகிறார்களாம். உடைந்த மூலை அப்படியேதான் இருக்கும். தார்ச்சட்டி அண்ணா, நானே பதிக்க முடியுமா? கரணை பிடித்ததே இல்லை.

தார்ச்சட்டி | வியாழன், இரவு 8.25

முடியும் தம்பி. பின்பக்கத்துப் புதுச் சிமென்டை மட்டும் உளியால் மெதுவாகத் தட்டி எடு. சுண்ணாம்பு கெட்டியாக இருந்தால் விட்டுவிடு. ராத்திரியே துண்டைத் தண்ணீரில் போட்டுவிடு. பழைய சிமென்ட் டைல்ஸ் தாகமாக இருக்கும், காய்ந்ததைப் பதித்தால் கலவையிலிருக்கும் தண்ணீரையெல்லாம் அதுவே குடித்துவிடும், பிடிக்காது. குமிழி வருவது நின்றால் ஊறிவிட்டது என்று அர்த்தம்.

கலவை ஒன்றுக்கு மூன்று. சலித்த மணல். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. பதிக்கும் இடத்தையும் நனைத்துக்கொள். துண்டின் அடியில் சிமென்ட் பால் தடவி உட்கார வை. மரக்கட்டையை மேலே வைத்துத் தட்டு, நேராகச் சுத்தியலால் அடித்துவிடாதே. பக்கத்துக் கல்லைவிட ஒரு நூல் கீழே. வாட்டம் சாக்கடைப் பக்கம். பூவின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று உன் படத்தில் பார்த்துக்கொள், முன்பு வீட்டை நோக்கி இருந்தது. ஓரத்துச் சிமென்டை ஈரத்துணியால் துடை. ஈரச்சாக்கு போட்டு மூடி மூன்று நாள் காய விடாமல் வைத்திரு.

காலை ஐந்தரைக்குப் போ. வெயிலும் இருக்காது, கால்நடமாட்டமும் இருக்காது.

புள்ளிக்கோலம் | வியாழன், இரவு 8.40

சாக்கு எங்கள் கடையில் இருக்கிறது தம்பி. காலையில் கொண்டுவந்து தருகிறேன், எங்கே நிற்க வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்.

ஈரச்சுவடு | சனி, காலை 7.15

பதித்தாயிற்று. முதல்தடவை ஆழம் அதிகமாகிவிட்டது, எடுத்து மறுபடி கலவை போட்டேன். அக்கா டார்ச் பிடித்தார். தார்ச்சட்டி அண்ணா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கு வந்து நின்றார், மட்டப்பலகையை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோடு கட்டடத்தை நோக்கி இருக்கிறது. தெறித்த ஓரத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

மேலே ஈரச்சாக்கு, அதன்மேல் இரண்டு செங்கல். அந்தப் பக்கம் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வரை கொஞ்சம் சுற்றிப் போங்கள்.